ஏகமனதாக

மூன்று விசிறியில் ஒன்று ஓடாத மேல்மாடி.
கீழே ஆ சோங் இரும்புக்கடை.
தகடு வெட்டும் சத்தம் ஓயட்டும் என்று
நிறுத்தி நிறுத்திப் பேசினார் தலைவர்.
பகாவ் வட்டாரத் தோட்ட மக்கள் சகாயச் சங்கம்,
வந்தவர்கள் இருபத்தெட்டுப் பேர்.
எல்லோருக்கும் சாம்பல் சட்டை,
பைக்குமேல் தைத்த இரண்டு கைகள்
ஒன்றையொன்று பற்றியபடி.
நான் துணைச் செயலாளர்.
பேனா என்னிடம்.

பொருள் ஆறு:
காலமான உறுப்பினர் சன்னாசி குடும்பத்துக்கு மரண நிதி.
பத்தொன்பது வருடம், மாதம் ஐந்து வெள்ளி.
கடைசி நான்கு மாதம்
சிரம்பான் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்ததில்
சந்தா விட்டுப்போயிற்று.
மூன்று மாதம் தவறினால்
ஆள் உறுப்பினரே இல்லை என்கிறது விதி பதினான்கு.

"மனசு கேக்கலதான். ஆனா விதி" என்றார் தலைவர்.
அந்தச் சொல்லுக்கு நம்மிடம் இரண்டு அர்த்தம்.
இரண்டும் அன்று ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தன.

"கொடுக்க வேண்டாம் என்கிறவர்கள்?"

முன்வரிசைப் பேச்சிமுத்துவின் கை
காதைச் சொறியப் போனதா, ஓட்டுக்குப் போனதா
இன்றுவரை தெரியாது.
பக்கத்துக் கை அதைப் பார்த்தது.
பக்கத்துக்குப் பக்கத்துக் கை
பார்க்கக்கூட இல்லை.
பெரட்டில் பழகிய கைகள்;
ஐந்தரை மணி இருட்டில்
கிராணி பெயரை முடிப்பதற்குள் உயர்ந்தவை.
தோட்டத்தை விற்றுப் பதினாறு வருடமாகியும்
அவற்றுக்கு இன்னும்
வேலைநீக்கக் கடிதம் வரவில்லை.

என் கையும் உயர்ந்தது. இடது கை.
வலது கை எழுதிக்கொண்டிருந்தது:
ஏகமனதாக.

இருபத்தெட்டுப் பேருக்கு
ஒரு மனது போதும் என்கிறது அந்தச் சொல்.
மிச்சம் இருபத்தேழும்
படிக்கட்டில் செருப்புகளோடு கிடந்தனவோ என்னவோ.

பொருள் ஏழு: தீபாவளி விருந்துக்கு ஆடா கோழியா.
ஐம்பது நிமிடம்.
நாற்காலி நகர்ந்தது, பழைய கதைகள் வந்தன,
ஒருவர் வெளிநடப்புச் செய்து
கைப்பேசியை எடுக்கத் திரும்பி வந்தார்.
பதினைந்துக்குப் பதின்மூன்றில் ஆடு.

இரவு மாமாக் கடையில்
குணசீலன் தே தாரேயை ஆற்றியபடி சொன்னான்:
"எனக்கு இஷ்டமே இல்ல. எல்லாரும் தூக்கிட்டாங்க."
பெட்ரோல் நிலையத்தில் லெட்சுமணன்,
டயருக்குக் காற்றடித்துக்கொண்டே, அதையே.
கோவில் குழாயடியில் பேச்சிமுத்து:
"மேசையில நீ தூக்கினதப் பாத்துத்தாம்பா நான்."

கடிதத்தை நான்தான் கொண்டுபோனேன்.
தாமானில் கடைசி வீடு.
முத்தாயி நின்றபடியே படித்தார்,
நான்காக மடித்தார்.
"பதினாலா? அவரு கொண்டாந்ததுதான்.
பொன்னையா செத்த வருசம்.
கைதூக்கிட்டு வந்து ராத்திரி சாப்பிடல.
தனக்கு இஷ்டமில்லன்னாரு."

பிறகு,
நான் கேட்காமலே:
"பெட்டியில அந்தச் சங்கத்துச் சட்டையத்தான் போட்டு அனுப்பினோம்.
அவருக்கு இருந்ததுலயே அதான் நல்ல சட்டை."

கோப்பி ஓ கொடுத்தார். குடித்தேன்.
சீனி அதிகம்.

அடுத்த கூட்டம்.
சென்ற கூட்டக் குறிப்பை நான் வாசித்தேன்.
ஏகமனதாக என்ற இடத்தில்
குரல் தடுக்கும் என்று நினைத்திருந்தேன்,
தடுக்கவில்லை.
"திருத்தம் உண்டா?"
கீழே தகடு வெட்டுவது
அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது.
யாரோ இருமினார்கள்.
பேச்சிமுத்து காதைச் சொறிந்தான்,
இம்முறை நிச்சயமாகக் காதைத்தான்.

இடது கையைத் தொடைக்கடியில் வைத்து
அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.
விரல்கள் மரத்துப்போயிருந்தன.
மறுபடி உயர்ந்துவிடக் கூடாதென்றா,
ஒரு தரமாவது உயர்ந்துவிடுமோ என்றா,
எதற்காக அப்படி அமுக்கி வைத்திருந்தேன் என்று
இப்போது கேட்டால்
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.